பெயரைக் கடைசியில் பாருங்கள்: பழைய கைக்கோடாலிகளை அடையாளம் காண்பது எப்படி

நான் வாங்கிய முதல் பழைய கோடாலியை என் கையாலேயே கெடுத்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மாசச்சூசெட்ஸில் ப்ரிம்ஃபீல்டு என்று ஒரு சிற்றூர். அங்கே 20ஆம் எண் சாலையின் இரு பக்கமும் உள்ள வயல்களில் 1959லிருந்து பழம்பொருள் சந்தை நடக்கிறது. மே, ஜூலை, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று தடவை கூடும். நான் குடியிருப்பது அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். ஒரு மே மாதம் போனபோது, ஒரு மேஜைக்கு அடியில் துருப்பிடித்த கீல்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே அகன்ற வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கொண்ட ஒரு கைக்கோடாலி கிடந்தது. 15 டாலர். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டில் தீட்ட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், வாயில் ஒரு பக்கம் மட்டும் சாய்வு இருந்தது. மறுபக்கம் பலகை மாதிரி தட்டை. யாரோ ஒரு சோம்பேறி பாதி வேலையில் விட்டுவிட்டான் என்று நினைத்து, அந்தப் பக்கத்தையும் சாணைச் சக்கரத்தில் காட்டி நன்றாகச் சாய்த்துவிட்டேன். பளபளவென்று படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். படம் போன ஐந்தாவது நிமிடம் கூப்பிட்டார். "ஏலே, வாச்சிய எவனாவது ரெண்டு பக்கமும் தீட்டுவானா? ஆசாரி மவன்னு வெளிய சொல்லிறாத."

அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் கெடுத்தது மரத்தைச் செதுக்கிச் சமன்படுத்துவதற்கென்று அடித்த கோடாலி. நம்மூரில் வாச்சி செய்கிற வேலையில் பாதியை இங்கே அந்தக் கோடாலி செய்தது. தட்டையான பக்கம் மரத்தோடு ஒட்டி இறங்கும். சாய்வான பக்கம் சில்லுகளை வெளியே தள்ளும். தட்டைப் பக்கத்தைச் சாய்த்துவிட்டால் ஒவ்வொரு வெட்டும் மரத்தைவிட்டு விலகி ஓடும். ஒரு நூறாண்டு தாங்கிய பொருளைப் பத்தே நிமிடத்தில் விறகு வெட்டியாக ஆக்கிவிட்டேன்.

அதிலிருந்து எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் வாய், அடுத்து பின்மண்டை, பிறகு பிடி நுழையும் துளையும் இரும்பும், அப்புறம் பிடி. முத்திரையில் உள்ள பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். சந்தைக்கு வரும் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரைப் படித்ததும் கைப்பேசியில் விலை தேடத் தொடங்குகிறார்கள். பெயர் தேய்ந்து போயிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். நல்ல பொருள் மிஞ்சிக் கிடப்பது அதனால்தான், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வாயைப் பார்ப்பது எப்படி? கோடாலியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வாய் உங்களை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்து நடுவில் கூடினால், அது வெட்டவும் பிளக்கவும் ஆனது. ஒரு பக்கம் நேராக இறங்கி மறுபக்கம் மட்டும் சாய்ந்தால், அது செதுக்குகிற கோடாலி. சந்தேகம் இருந்தால் ஓர் எஃகு அளவுகோலைத் தட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாமல் உட்கார்ந்தால் சரி. வாய் அருகே மட்டும் விலகி நின்றால், உங்களுக்கு முன்னால் என்னைப் போல ஒருவன் அங்கே வேலை பார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஒருபக்கச் சாய்வு என்று தெரிந்ததும் இன்னொன்றையும் சோதிக்கலாம். வெட்டப் போவது போலவே கையில் பிடியுங்கள். சாய்வு வலப்பக்கம் இருந்தால் வலதுகைக்காரனுடையது. இடப்பக்கம் இருந்தால் இடதுகைக்காரனுடையது. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்க வகைப் பெரிய செதுக்கு கோடாலிகளில் பிடியைக் கழற்றி எதிர்ப்பக்கமாகச் செருகினால் கை மாறிவிடும். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் பயன்படுத்திய, வாத்து இறக்கை போல விரிந்த கோடாலியில் அது நடக்காது. அதில் பிடி நுழையும் குழலே ஒரு பக்கமாக வளைந்திருக்கும், மரத்தில் விரல் முட்டி உரசாமல் இருப்பதற்காக. அதை அடிக்கும்போதே யார் கைக்கு என்று கொல்லர் முடிவு செய்திருப்பார்.

வாயின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லும்போது ஃபால் ரிவர் கொலை வழக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. 1892 ஆகஸ்ட் 4 அன்று இதே மாசச்சூசெட்ஸில் ஆண்ட்ரூ போர்டனும் அவர் மனைவி ஆபியும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மகள் லிஸி மீது வழக்கு. வீட்டின் நிலவறையில் கிடைத்த கோடாலிகளில், ஆணி பிடுங்கும் கொக்கி வைத்த ஒன்றின் மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. அதில் ஒட்டியிருந்தது விலங்கின் மயிர் என்று பரிசோதனை சொல்லிவிட்டது. பிறகு பிடி முறிந்த இன்னொரு சிறு தலையைக் கொண்டுவந்து, அதன் வாய் அகலம் காயங்களோடு பொருந்துகிறதா என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 1893 ஜூனில் லிஸி விடுதலையானார். அந்தப் பிடியில்லாத தலை இன்றும் ஃபால் ரிவர் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். அதையும் அளக்கத்தான் தோன்றியது, கண்ணாடிப் பெட்டி தடுத்துவிட்டது.

இனி பின்மண்டை. வாய்க்கு எதிர்ப்புறம் என்ன இருக்கிறது என்பதில்தான் கைக்கோடாலியின் தொழில் எழுதியிருக்கிறது. ஒன்றுமில்லாமல் சதுரமாக முடிந்தால் வெட்டும் கோடாலி அல்லது செதுக்கும் கோடாலி. சுத்தியல் தலை இருந்தால் ஆணி அடிப்பவனுடையது. அந்தச் சுத்தியல் முகத்தை விரலால் தடவுங்கள். குறுக்கும் நெடுக்கும் சிறு கட்டங்களாகக் கீறியிருந்தால், ஆணித் தலை நழுவாமல் இருக்க அப்படிச் செய்தது. கூரை வேலைக்காரர்களும் ரீப்பர் அடிப்பவர்களும் வேகமாக ஆணி இறக்க வேண்டியவர்கள். தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் நிறைய உழைத்த பொருள். ஓரங்கள் காளான் போல மடங்கியிருந்தால் யாரோ அதன் மேல் சம்மட்டியால் அடித்து ஆப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உடனே பிடித் துளையின் இரு பக்கமும் விரிசல் உண்டா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

மாசச்சூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் சந்தைகளில் அடிக்கடி கையில் சிக்கும் நான்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

மேல்விளிம்பு ஓர் அளவுகோல் போல நேராக, வாயிலிருந்து சுத்தியல் தலை வரை ஒரே கோட்டில் போனால், அது சுவர் ரீப்பர் அடிப்பவருடையது. அந்தக் காலத்தில் சுவரிலும் உத்தரத்துக்கு அடியிலும் மெல்லிய மரச் சட்டங்களை வரிசையாக அடித்து, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். உட்கூரைக்கு ஒட்டி ஆணி அடிக்கும்போது கோடாலியின் மேல்மூலை இடிக்கக் கூடாது. அதனால் மேல்பக்கத்தை நேராக்கிவிட்டார்கள். இந்தக் காரணம் தெரிந்த பிறகு இதை ஒரு போதும் தவறாகச் சொல்ல மாட்டீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜிப்சம் பலகை பரவியதும் இந்தத் தொழிலும் இந்தக் கருவியும் ஒதுங்கின. பதிலுக்கு வந்த ஜிப்சம் கோடாலியின் சுத்தியல் முகம் லேசாகக் குவிந்திருக்கும். காகித உறை கிழியாமல் ஆணியைச் சிறு குழிக்குள் இறக்கி, மேலே பூச்சு போட்டு மறைப்பதற்காக. அதன் வாய் கூராக இருக்காது, பலகையை நெம்பித் தூக்கத்தான் பயன்படும். மொட்டை என்று நினைத்து அதைத் தீட்டாதீர்கள்.

வாய் ஒடுங்கி, பட்டையில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் அது மர ஓடு வேய்பவருடையது. ஒவ்வொரு வரிசை ஓடுகளையும் கீழ் வரிசைக்கு மேலே எவ்வளவு ஏற்றி அடிக்க வேண்டும் என்பதை அளக்க, ஏதாவது ஒரு துளையில் ஒரு திருகை மாட்டிக்கொள்வார்கள். சுத்தியல் முகத்திலிருந்து திருகு வரை உள்ள தூரம்தான் அளவு. டேப் எடுக்க வேண்டியதில்லை. திருகு பெரும்பாலும் தொலைந்திருக்கும். அது இருந்தால் ஐந்து டாலர் கூடக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

மேல்விளிம்பு ஏறக்குறைய நேராக இருந்து, வாய் கீழ்நோக்கி மட்டும் விரிந்து, சுத்தியல் தலையும் கீழ்விளிம்பில் ஆணி பிடுங்கும் வெட்டும் இருந்தால் அது பொதுத் தச்சரின் கைக்கோடாலி. பத்தில் ஆறு இதுதான் கிடைக்கும். பின்னால் சுத்தியலுக்குப் பதில் கொக்கி இருந்தால் அது இதன் மாமன் மச்சான் வகை.

நான்காவது, நான் கெடுத்த வகை. கைக்கடக்கமான உடம்பில் நான்கு, ஐந்து, சில சமயம் ஆறு அங்குல வாய், ஒருபக்கச் சாய்வு, தட்டையான முதுகு. பட்டறை மேஜையோரம் நின்று ஆப்பு செதுக்கவும் பலகை ஓரம் குறைக்கவும் வைத்திருந்தார்கள்.

இப்போது வயது. இங்கே இரும்பு பேச ஆரம்பிக்கும். பழங்காலத்தில் எஃகு விலை கூடிய சரக்கு. அதனால் உடம்பை மெல்லிரும்பில் அடித்து, வாய்க்கு மட்டும் ஒரு துண்டு எஃகை வைத்து உலையில் ஒட்டுவார்கள். நம்மூர்க் கொல்லுப்பட்டறையில் லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் இருந்த முறையும் இதுதான். இந்த ஒட்டு, வாயிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் உள்ளே ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். துருவில் மறைந்திருந்தால், வாய்ப்பக்கத்தில் ஒரு சிறிய இடத்தை மட்டும் துடைத்து, வெள்ளை வினிகரில் நனைத்த துணியை இரண்டு மணி நேரம் சுற்றி வையுங்கள். எஃகு கருத்துவிடும், மெல்லிரும்பு வெளிறி நிற்கும். சில துண்டுகளில் மெல்லிரும்பிலேயே மரத்தின் ரேகை மாதிரி வரிகள் ஓடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மரம் வெட்டுகிற பொருளுக்குள்ளும் மரமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்த்து முடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். விட்டுவிட்டால் மறுநாள் காலை புதுத் துரு.

ஒட்டுக் கோடு இல்லையென்றால் முழுவதும் எஃகில் அடித்தது, பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. ஓர் அரத்தை வாயில் வைத்து லேசாக இழுத்தால் வழுக்கும், உடம்பில் வைத்தால் கடிக்கும். வாய்க்கு மட்டும் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது, கொடுத்திருப்பதன் அடையாளம். வாயிலும் அரம் கடித்தால், எப்போதோ ஒரு தீ விபத்தில் சிக்கியோ, சாணைச் சக்கரத்தில் நீலம் பூக்கும் வரை சூடாகியோ தோய்ச்சல் போயிருக்கிறது.

பிடித் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி மடித்து ஒட்டியதா, கட்டியான இரும்பில் துளை போட்டதா என்று தெரியும். மடித்ததில் துளைக்கு முன்னால் ஒட்டு ஓடும். துளை போடுவதை இயந்திரத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் எலிஷா ரூட். 1832இல் கனெக்டிகட்டில் உள்ள காலின்ஸ் கோடாலி ஆலையில் சேர்ந்தவர். 1849இல் கோல்ட் துப்பாக்கி ஆலைக்குப் போனார். ஆனால் மடித்து ஒட்டியதெல்லாம் அவருக்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. சிற்றூர்க் கொல்லர்கள் அதற்குப் பிறகும் பல காலம் பழைய முறையிலேயே அடித்தார்கள்.

துளைக்குள் வார்ப்பு அச்சின் கோடு ஒன்று ஓடினாலோ, மேற்பரப்பு முழுக்க மணல் ஒட்டியது போல ஒரே சீராகப் பொரிந்திருந்தாலோ, அது வார்ப்பிரும்பில் செய்த அலங்காரப் பொருள். செவ்விந்தியக் கோடாலி என்று சொல்லி விற்பவற்றில் இது சகஜம். ஒரு தடவை ஒருவர் என்னிடம் 200 டாலர் கேட்டார். விரலால் சுண்டினேன், மண் சட்டி மாதிரி சத்தம். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹிக்கரி மரப் பிடிதான் பெரும்பாலும் இருக்கும். மாற்றப்பட்டதாகவும் இருக்கும். பிடியை வைத்துத் தலையின் வயதைச் சொன்னால் கோடாலிக் காம்பு உங்களைக் கவிழ்த்துவிடும். காகித வில்லை மிச்சமிருந்தால் மட்டும் படியுங்கள். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963க்கு முந்தியதில்லை. பழைய சாயம் பூசிய பிடியை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஈயம் கலந்ததாக இருக்கலாம்.

சரி, இப்போது பெயர். கம்பித் தூரிகை மாட்டிய இயந்திரத்தைத் தொடவே கூடாது. துருவோடு முத்திரையும் போய்விடும். இருட்டான அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழும். அல்லது சுண்ணக்கட்டியைத் தேய்த்து மேலோட்டமாகத் துடையுங்கள். இரண்டும் உதவவில்லையென்றால், சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான்.

காஸ்ட் ஸ்டீல் என்று பொறித்திருந்தால் வார்ப்பிரும்பு என்று நினைத்துப் பதறாதீர்கள். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் தொடங்கிய மூசை எஃகு முறையின் பெயர் அது. எங்கள் வாய் நல்ல எஃகு என்று பறைசாற்றும் முத்திரை. நாட்டின் பெயர், அதாவது இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் என்று எது இருந்தாலும், 1890இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவுக்குள் வந்த சரக்குக்கு நாட்டின் பெயர் கட்டாயம். காப்புரிமைத் தேதி இருந்தால் அது கருவி பிறந்த தேதி இல்லை, அதற்கு முன்னால் பிறக்கவில்லை என்பதுதான் தெரியும்.

சிலவற்றில் பெயர் காலின்ஸ், ஊர் ஹார்ட்ஃபோர்டு என்று இருக்கும். ஆலை இருந்தது பக்கத்துக் காலின்ஸ்வில்லில், 1826லிருந்து 1966 வரை. போலிகள் பெருகியதால் கிரீடமும் சுத்தியல் பிடித்த கையும் போட்டு, அசல் என்று பொருள்படும் லெஜிடிமஸ் என்ற லத்தீன் சொல்லைச் சேர்த்தார்கள். ஆலை மூடிய பிறகும் அந்தப் பெயரைப் பிறர் வாங்கிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கெல்லி என்றால் பெரும்பாலும் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன். அந்த ஆலை 1930இல் அமெரிக்கன் ஃபோர்க் அண்டு ஹோ நிறுவனத்திடம் போனது. கீன் கட்டர் என்பது ஆலையே இல்லை. செயின்ட் லூயிஸ் நகரத்துச் சிம்மன்ஸ் என்ற இரும்புக் கடை மொத்த வியாபாரியின் விற்பனைப் பெயர். வேறு யாரோ அடித்துக் கொடுத்ததில் இவர்கள் பெயரைக் குத்தினார்கள். பெயரைக் கடைசியில் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆலை முத்திரையையும் சொந்தக்காரர் பெயரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆலை முத்திரை ஒரே அடியில் நேராக விழுந்திருக்கும். சொந்தக்காரர் ஒவ்வோர் எழுத்தாக அடித்திருப்பார், கோணலாக, சில சமயம் ஒரே கருவியில் மூன்று இடத்தில். நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது மாதிரிதான். என்னிடம் உள்ள ஒன்றில் இரண்டு பேரின் முதலெழுத்துகள் இருக்கின்றன, கீழே உள்ளதன் மேல் அரத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறது. அப்பா விற்றாரோ, மகன் எடுத்துக்கொண்டானோ.

போன வருடம் ஊருக்குப் போகும்போது, துளைகள் வரிசையாக உள்ள மர ஓட்டுக் கைக்கோடாலி ஒன்றை எடுத்துப் போனேன். கைப்பையில் வைக்காதீர்கள், வாயைத் தடித்த அட்டையால் சுற்றிப் பெரிய பெட்டியில் போட வேண்டும். அப்பா அதை வாங்கிக் கண் மட்டத்தில் பிடித்தார், பின்மண்டையைத் தடவினார், துளைக்குள் பார்த்தார், நகத்தால் வாயைச் சுரண்டினார். "இரும்பு நல்ல இரும்புலே" என்றார். பட்டையில் உள்ள துளைகள் எதற்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நம்மூரில் மர ஓடு ஏது என்று சிரித்துவிட்டு அலமாரி மேல் வைத்தார். ஊரிலிருந்து கிளம்பும் நாளில் பார்த்தால் அது அடுக்களையில் இருந்தது. கட்டம் போட்ட சுத்தியல் முகம் தேங்காய் நழுவாமல் உடைக்க வசதியாக இருக்கிறதென்று அம்மா எடுத்துக்கொண்டாள்.